நீலம் தெரியாத டெலஸ்கோப்

ஏலே அய்யா,

நீ விட்டுவிட்டுப் போன டெலஸ்கோப்பை இன்றைக்குப் பார்சல் சர்வீஸில் போட்டாயிற்று. பழைய கம்பளியைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, மேலே சாக்குத் தைத்து, உங்கப்பா நாலு பக்கமும் ‘கண்ணாடி, கவனம்’ என்று பெயிண்டால் எழுதியிருக்கிறார். வந்ததும் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு போன் பண்ணு. மற்றதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வராது. நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய், நானும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். அதற்கப்புறம் உன்னைத் தனியாகப் பிடித்து உட்கார வைத்துப் பேச எனக்கு எங்கே வாய்க்கும்? அதனால்தான் எழுதுகிறேன். வலது கண்ணில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது. வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். வரப்போகிறவளும் இதைப் படிக்கட்டும். அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நம்முடையது சிவகாசிப் பக்கம் சின்னக் கம்பெனி. வானத்தில் போய் வண்ணமாக விரிகிற பேன்சி ஷெல் செய்கிறோம். ஆர்டர், லோடு, லைசென்ஸ் எல்லாம் உங்கப்பா பொறுப்பு. நிறம் மட்டும் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில், சோதனைக்கு விட்ட ஒரு ஷெல்லைப் பார்த்து, ‘பச்சைக்குள்ள மஞ்சள் ஏறியிருக்கே’ என்று வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன். போய் ஷெல்லுக்குள் அடைக்கிற மருந்தைப் பார்த்தால் நான் சொன்னது சரி. அன்றைக்குப் போட்ட நாற்காலிதான். பொழுது சாய்கிற நேரம் கம்பெனிக்குப் பின்னாலுள்ள பொட்டலில் போய் உட்காருவேன். அன்றைய சரக்கில் ஒரு ஷெல்லைப் போர்மேன் மேலே விடுவார். நான் ‘சரி’ என்றால் லோடு ஏறும். ‘திருப்பு’ என்றால் மருந்து கலக்கிற அறைக்கே திரும்பிப் போகும். வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால் என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிற உங்கப்பா, பொட்டலில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். ‘அக்கா கண்ணுக்குத் தப்பாது’ என்று வேலைக்கு வருகிற பெண்கள் பேசிக்கொள்வது காதில் விழும். அன்றைக்கு எனக்கு இன்னும் ரெண்டு இட்லி கூட இறங்கும். பெருமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

இந்த வருஷம் ஆடி மாசத்திலிருந்தே எனக்கு நீலம் சரிப்படவில்லை. எல்லா நிறத்திலும் நீலம்தான் முரண்டு பிடிக்கிறது. கொஞ்சம் அசந்தால் வெளுத்துப்போகும். நம் மருந்து கலக்குகிற கருப்பசாமியை விட்டால் இந்த வட்டாரத்தில் நீலத்துக்கு ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் கலந்த நீலம் எனக்குச் சுண்ணாம்பு மாதிரி தெரிந்தது. திருப்பினேன். மறுபடி கலந்தார். அதையும் திருப்பினேன். ஆவணி பிறந்து சீசன் நெருக்கம், வடக்கே போகவேண்டிய லோடு நிற்கிறது, மூன்றாவது தடவையும் ‘திருப்பு’ என்றேன். மறுநாள் காலை மருந்து கலக்கிற அறையில் குப்பென்று பற்றிவிட்டது. உயிர் தப்பியது அம்மன் புண்ணியம். ஆனால் கருப்பசாமியின் வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘கை நிதானம் போச்சு. இனிமே மருந்து பக்கம் வேணாம், வீட்ல இருக்கச் சொல்லுங்க’ என்றேன். நான் சொன்னால் சொன்னதுதானே. மறுவாரமே சிவகாசி முழுக்க அதே பேச்சாகிவிட்டது. இனி எந்தக் கம்பெனியும் அவரை வாசலில் சேர்க்காது.

இவ்வளவும் நீ புரட்டாசியில் லீவுக்கு வந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அப்போது உனக்குப் பிடிபட்டது ஒன்று எனக்குத்தான் தெரியவில்லை. நிச்சயத்துக்குச் சேலை எடுக்க மதுரைக்குப் போனோமே, அங்கே கடைப்பையனிடம் நான் சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? ‘மருமகளுக்கு எடுக்க வந்தவகிட்டக் கறுப்புப் பட்டுச் சேலையை விரிக்கிறியே, உனக்கு அறிவிருக்கா?’ என்றேன். அவன் திருதிருவென்று விழித்தான். நீ ஒன்றும் சொல்லாமல் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அரக்குச் சேலை ஒன்றை எடுத்து என் மடியில் போட்டாய். என் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை என்று நான் பூரித்துப்போனேன்.

அதே தெருவில்தான், பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடையில் டெலஸ்கோப் பார்த்தோம். கடைக்காரர் நீளக் குழாய் ஒன்றை எடுத்து வைத்து, ‘ஐநூறு மடங்கு பெருசாத் தெரியும் சார்’ என்றார். பெட்டிமேல் போட்டிருந்த அந்தக் கணக்கை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘மடங்கு கிடக்கட்டும்ணே, வாய் எம்புட்டு அகலம்?’ என்று கேட்டாய். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. மழைத்தண்ணி பிடிக்க அண்டாவைத்தானே வைப்போம், செம்பையா வைப்போம்? அதன் மூணு காலையும் விரித்து நிறுத்திவிட்டுக் குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டினாய். குழாய்க்குள் தெரிந்த எதிர்க்கடை போர்டு ஆடி ஆடி அடங்கவே மாட்டேன் என்றது. வேண்டாம் என்றாய். சென்னையில் மூணாவது மாடி, லிப்ட் பாதி நாள் ஓடாது, ஒரு கையால் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏற முடியவேண்டும் என்று கணக்குச் சொன்னாய். ‘ஊர் வெளிச்சத்துல பால்வீதியெல்லாம் தெரியாதும்மா. நிலா தெரியும், வியாழன் தெரியும், ஜோடி நட்சத்திரம் தெரியும். அதுக்கு இது போதும்’ என்று முழ நீளத்துக்குக் கட்டையாக ஒன்றை எடுத்தாய். லென்ஸ் வகை. பையில் போட்டு நானே பஸ் வரைக்கும் தூக்கி வந்தேன். பொடிநடைக்குப் பாரமே இல்லை.

அன்று சாயங்காலமே மாடியில் வைத்து நிலாவைக் காட்டினாய். அய்யோ, நான் கண்ணை எடுத்துவிட்டேன் பார்த்தாயா! வானத்தைப் பார்த்தே பிழைக்கிற குடும்பம் நாம். ஆனால் நான் பார்த்த வானம் எல்லாம் நம் ஷெல் எட்டுகிற உயரம் வரைக்கும்தான். அதற்கு மேலே இப்படி ஒன்று, அம்மை வார்த்த முகம் மாதிரி குழி குழியாக, அத்தனை கிட்டத்தில் சத்தமில்லாமல் நிற்கும் என்று யார் கண்டது? நீ மெதுவாகக் கேட்டாய்:

“ஓரத்துல ஊதா நிறம் கசியுதாம்மா? லென்ஸ்ல அது கொஞ்சம் வரும்.”

“ஒண்ணும் கசியலை. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.”

நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் உச்சிக்கு நேரே குழாயைத் திருப்பி, வெகுநேரம் தேடி, ஒன்றைப் பிடித்தாய். “இது ஜோடி நட்சத்திரம்மா. ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம். உனக்குன்னே தேடி வச்சேன்” என்றாய். ஆசையாகக் குனிந்தேன். ரெண்டு புள்ளி இருந்தது. ஒன்று மஞ்சள். பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக. அதில் நீலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பொட்டலில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய வாய் ஆயிற்றே. “நீலத்தைக் காட்டாத டெலஸ்கோப் எதுக்குலே? உன்னை நல்லா ஏமாத்திட்டான். திருப்பு!” என்றேன்.

நீயும் திருப்பினாய். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறி மதுரைக்குப் போய், அந்தக் கடைக்காரரிடம் என்ன சொன்னாயோ, லென்ஸுக்குப் பதில் உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வைத்த வகை ஒன்றை மாற்றி வாங்கி வந்தாய். குட்டையாக, குடம் அளவுக்கு, மேஜைமேல் வைக்கிற மாதிரி. இதில் நிறம் கசியாதாம். அதே நட்சத்திரம், அதே ரெண்டு புள்ளி, நீலம் இல்லை. “இதுவும் திருப்பு” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, உங்கப்பா காபி டம்ளரோடு மேலே வந்தார். என்ன சமாச்சாரம் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. குனிந்து பார்த்தார்.

“அட, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம். ஜோராத்தானே இருக்கு, இதை எதுக்குத் திருப்பணும்?”

நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

“உனக்கும் நீலமாத் தெரிஞ்சுச்சாலே?”

“ஆமாம்மா.”

“நேத்தும்?”

“ஆமாம்மா. அந்தச் சேலைகூடக் கறுப்பு இல்லம்மா. அதுவும் நீலம்தான்.”

எனக்குக் கண் போனது அந்த நிமிஷம் உறைக்கவே இல்லை. உறைத்தது கருப்பசாமியின் கை. உங்கப்பாவைப் பார்த்து, ‘நம்ம ஷெல்லு... நான் திருப்புனது மூணும் எப்படிங்க இருந்துச்சு?’ என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ‘எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சுச்சு. போர்மேனும் அப்படித்தான் சொன்னாரு. உனக்கு ஏதோ எங்களுக்குப் பிடிபடாத நுணுக்கம் பிடிபடுதுன்னு நெனச்சோம்’ என்றார். நுணுக்கமாம்! அய்யா, வானத்தில் நீலம் விரிந்திருக்கிறது. பொட்டலில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நீலம். ஒருத்தி மட்டும் வெளுப்பு என்கிறாள், அத்தனை பேரும் தலையை ஆட்டியிருக்கிறார்கள். அப்படியே தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். நீ அன்று ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பினாய். டெலஸ்கோப்பை எடுத்துக்கொள்ளவில்லை. போகும்போது நான் உன்னிடம் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, திகைப்பு.

மறுநாள் சாத்தூருக்கு அந்தப் பக்கம் கருப்பசாமி வீட்டுக்குத் தனியாகப் போனேன். உங்கப்பா ‘சீசன் முடியட்டும், இப்ப வாயைத் திறந்தா கம்பெனி பேர் என்னாகும்’ என்றார். கேட்கிற நிலையில் நான் இல்லை. கருப்பசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு விரல் மடங்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னேன்: ‘கருப்பசாமி, உன் நீலம் நல்ல நீலம். என் கண்ணுதான் கெட்டுப்போச்சு.’ அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள் கதவோரம் நின்றவள், சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“எங்களுக்குத் தெரியும்க்கா. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போயி, ஒங்க பேரைச் சொல்லி அம்மனுக்குக் கண்மலர் சாத்திட்டுத்தான் வந்தேன்.”

கண்ணுக்குக் கேடு வந்தால் வெள்ளியில் கண் செய்து அம்மனுக்குச் சாத்துவது நம் பக்கத்து வழக்கம்தான். நீ குழந்தையாக இருந்தபோது உனக்குக் கண்ணோவு வந்து நானும் சாத்தியிருக்கிறேன். ஆனால் ஆடியிலேயே! கை வேகுவதற்கு முன்னாலேயே! என் கண் கெட்டது இவளுக்குத் தெரிந்திருக்கிறது, தன் கைக்காசைப் போட்டு வெள்ளிக் கண் வாங்கி, கூட்டத்தில் முண்டியடித்து நின்று, என் பேரைச் சொல்லி வேண்டியிருக்கிறாள். அம்மனிடம் சொல்லத் துணிந்தவளுக்கு என்னிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை. ‘எங்கிட்டச் சொல்றதுக்கென்ன பேச்சி?’ என்று கேட்டேன். ‘எப்படிக்கா சொல்ல? ஒங்க கண்ணைப் போயி நாங்க குத்தஞ் சொல்லவா? ஒங்களது அம்புட்டுப் பெரிய கண்ணு, அம்மன் பாத்துக்கிடுவான்னு இருந்துட்டோம்’ என்றாள். அழுதது நான்தான். அவள் எனக்குத் தண்ணி மோந்து கொடுத்தாள். அந்தத் தண்ணியைக் குடித்தேன் பார், அதைவிடக் கசப்பாக ஒன்றை என் ஆயுசில் குடித்ததில்லை.

அந்த ஆயுத பூஜையில் கம்பெனி ஆட்கள் எல்லாரும் கூடியிருக்கையில், பொரி கொடுப்பதற்கு முன்னால் நானே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கருப்பசாமி கை மேல் குற்றம் இல்லை, என் கண்தான் காரணம், மூணு தடவையும் திருப்பியது நான். பொரித் தாம்பாளத்தில் ஈ மொய்த்தது. உங்கப்பா தலைகுனிந்து நின்றார். அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்றார். அதற்கு மேல் அவரிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தீபாவளி முடிந்து ஆபரேஷன். டாக்டர், ‘ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சு. மஞ்சக் கண்ணாடி வழியாப் பாக்குற மாதிரித்தான் இத்தனை நாள் பாத்திருக்கீங்க. நீலமும் ஊதாவும்தான் மொதல்ல போகும்’ என்றார். கட்டு அவிழ்த்த அன்று வீட்டுக்கு வந்தால் அடுப்படிச் சுவர் நீலம். ‘எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?’ என்று உங்கப்பாவைக் கேட்டேன். அது எட்டு வருஷமாக அதே நீலமாம். பீரோவைத் திறந்தால் நான் சாம்பல் நிறம் என்று கட்டிக்கொண்டிருந்த சேலை, மயில்கழுத்து நிறம். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதமாட்டேன், உன் பெண்டாட்டி படிப்பாள்.

போன வாரம் பொட்டலுக்குப் போனேன். கருப்பசாமியையும் பேச்சியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். ஆவணியில் நான் திருப்பிய சரக்கில் சாம்பிளுக்கு எடுத்து வைத்த ரெண்டு ஷெல் போர்மேனிடம் இருந்தது. அதை விடச் சொன்னேன். முதல் ஷெல் போகும்போது புதுக் கண்ணைப் பொத்திக்கொண்டு, ஆபரேஷன் ஆகாத இடது கண்ணால் பார்த்தேன். வெளுப்பு. சுண்ணாம்பு. ஆவணியில் பார்த்த அதே வெளுப்பு. இன்றைக்கும் அந்தக் கண் சத்தியம் பண்ணும் அது வெளுப்பு என்று. ரெண்டாவது ஷெல் போகும்போது இடதுகண்ணைப் பொத்தினேன். அய்யா, அது விரிந்தது பார்! நீலம். அப்படி ஒரு நீலத்தை நம் கம்பெனியில் நான் பார்த்ததே இல்லை. விரிந்து, நின்று, மெதுவாகத் தணிந்தது. ஒரு துளி வெளுப்பு இல்லை. புகை கலைந்தது. வழக்கம்போல எல்லாரும் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கருப்பசாமி மடங்காத விரலோடு கையைத் தூக்கி, வானத்தைக் காட்டிக் கேட்டார்:

“என்னக்கா, திருப்பிரலாமா?”

போர்மேன் பதறிப்போனார். பேச்சி புருஷன் தோளில் ஒரு அடி வைத்தாள். நான் சிரித்தேன், சிரிப்பு அழுகையாகி, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பொட்டலில் என்னை எதிர்த்து வந்த முதல் பேச்சு அதுதான், அதுவும் அவர் கை வெந்த பிறகு. இப்போது என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. ஷெல் போனதும் முதலில் அவர் சொல்வார், அப்புறம் போர்மேன், கடைசியில்தான் நான். அந்த ரெண்டு விரல் மட்டும் இன்னும் மடங்கவில்லை. அதற்கு எந்தக் கோயிலிலும் என்னால் பரிகாரம் தேட முடியவில்லை.

நீ உன் அம்மாவை நோகடிக்கக்கூடாது என்று மதுரைக்கும் வீட்டுக்கும் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தாய். பிரியம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பிரியத்துக்கும் பேச்சியின் கண்மலருக்கும் பேர் ஒன்றுதான், பயம். அந்தப் பயத்தை உங்களுக்கெல்லாம் ஊட்டி வளர்த்தது நான். நாளைக்கு உன் பெண்டாட்டி மாடியில் உன் பக்கத்தில் நிற்பாள். அவள் குனிவதற்கு முன்னால், ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம் என்று சொல்லிவிடாதே. வாயை மூடிக்கொண்டு இரு. அவள் பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும். அவள் சொல்வது நீ நினைத்ததற்கு மாறாக இருந்தால் டெலஸ்கோப்பைக் குறை சொல்லாதே, அவளையும் குறை சொல்லாதே. முதலில் உன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்.

அனுப்புவதற்கு முந்தின நாள் நானும் உங்கப்பாவும் மாடியில் வைத்து அந்த ஜோடியைத் தேடினோம். இப்போது மேற்கே சாய்ந்துவிட்டது. அவர் பிடித்துக் கொடுத்தார். புதுக் கண்ணால் பார்த்தேன். என்ன நிறம் தெரிந்தது என்று இதில் எழுதமாட்டேன். நீ பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. இந்தத் தடவை நீ முதலில் சொல்.

அம்மா